பொறுமை யாருக்கு விதிக்கப்பட்டது?

தீர்த்தமலையில் படியேறும் பெண்களின் பையில் ஒரு மாற்றுச் சேலையும் ஒரு காலிப் பாட்டிலும் இருக்கும். பாறை இடுக்கிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொள்வார்கள். தீர்த்தகிரீசுவரரையும் வடிவாம்பிகையையும் கும்பிடுவார்கள். திரும்பும்போது வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பாட்டிலில் நீர் பிடித்துக்கொள்வார்கள். இந்த நீர் வற்றாது என்பது அரூர் வட்டாரத்து நம்பிக்கை. நீர் வந்த கதையையும் எல்லோரும் அறிவார்கள். இராவணனைக் கொன்று திரும்பும் இராமன், போரின் பாவம் தீர இங்கே சிவனைப் பூசிக்க நினைக்கிறான். நீர் கொண்டுவரக் காசிக்குப் போன அனுமன் வர நேரமாகிறது. இராமன் மலைமீது அம்பு எய்கிறான், நீர் பீறிடுகிறது. தாமதமாக வந்த அனுமன் தான் கொண்டுவந்த நீரை வருத்தத்தோடு வீசியெறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் ஆகிறது.

இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்பவர்களுக்கு அனுமனின் ஏமாற்றம்தான் மனதில் நிற்கும். வளர்ந்த பிறகு வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. கொலையின் பாவத்தைக் கழுவும் நீரையும் அம்புதான் திறக்கிறது. ஆயுதம் கீழே வைக்கப்படவில்லை, அதன் வேலை மட்டும் மாறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பாவம் கழுவப்படுவது கொன்றவனுக்கு. கொல்லப்பட்டவனின் வீட்டில் இருந்த பெண்களுக்கு, அந்தப் போரில் கணவனையும் பிள்ளையையும் இழந்தவர்களுக்கு, இந்த மலையில் ஒரு சுனைகூட ஒதுக்கப்படவில்லை. தீர்த்தம் என்ற சொல்லிலேயே தீர்ப்பதும் தீர்வதும் கேட்கின்றன. யாருக்குத் தீர்ந்தது என்று தலபுராணம் சொல்கிறது. யாருக்குத் தீரவில்லை என்று சொல்வதில்லை.

பக்தியை எள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் அன்றாட நம்பிக்கையில் அகிம்சைக்கு என்ன இடம் என்று கேட்க இந்த மலை வசதியான இடம் என்பதால் சொல்கிறேன். வன்முறை நடந்து முடிந்தபின் கழுவிக்கொள்வதற்கு நம்மிடம் சடங்குகள் நிறைய உண்டு. நடப்பதற்கு முன் நிறுத்துவதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

புரட்டாசி வந்தால் பல வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவி மேலே வைத்துவிடுகிறார்கள். சனிக்கிழமை விரதம், முட்டைகூடக் கூடாது. உயிர்க்கொலை தவிர்க்கும் அந்த மாதத்தின் உழைப்பு முழுவதும் பெண்களுடையது. பாத்திரம் மாற்றுவதும், விடியலில் குளித்துச் சமைப்பதும், பிள்ளைகளைச் சமாளிப்பதும் அவர்கள்தான். அதே மாதத்தில் அதே வீட்டில் அவள்மீது கை நீளுமானால் விரதம் கெட்டதாக யாரும் சொல்வதில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். உணவில் அகிம்சையைக் கண்டுபிடித்த அளவுக்கு நாம் உறவில் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அடுப்பங்கரையில் வலியுறுத்தப்படும் கொல்லாமை படுக்கையறை வாசலில் நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே பெண்ணுக்குச் சொல்லப்படுவது வேறு ஒரு சொல்: பொறு.

கொல்லாமையும் பொறுமையும் ஒன்றா? திருக்குறளின் வரிசை இதில் நமக்கு ஒரு தடயம் தருகிறது. பொறையுடைமை 16ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. புலால் மறுத்தல், வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகியவை துறவறவியலில் வருகின்றன. குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் பொறுமை, துறந்தவர்களுக்குக் கொல்லாமை என்று இதை எளிதாகப் பிரித்துவிடலாம். உரைமரபும் வகுப்பறையும் பெரும்பாலும் அப்படித்தான் பிரித்தன. இல்லறத்துப் பொறுமை ஆணுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்பது மறந்துபோனது. தன்னை வெட்டுகிறவனையும் நிலம் தாங்குவதைப் போல என்ற உவமையை மேடையில் கேட்கும்போது அது பெண்ணுக்கான உவமையாகவே நம் காதில் விழுகிறது. நிலம், பூமாதேவி, பெண், பொறுமை என்று ஒரு கோடு ஏற்கெனவே நம் மனதில் போடப்பட்டிருக்கிறது.

இதில் என் பங்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பொறையுடைமைக்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொல்லித் தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு மாணவி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பா அடித்தால் அம்மா திருப்பி ஒரு சொல் பேசமாட்டார், மறுநாள் காலையில் எதுவும் நடக்காததுபோல் காப்பி கலந்து கொடுப்பார், இதுவே பொறையுடைமை என்று முடித்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் நான் எதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

அதன்பின் குறளை மறுபடி எடுத்தபோது என்னை நிறுத்தியது வெகுளாமையின் தொடக்கம். அங்கே வள்ளுவர் ஒரு நுட்பமான வேறுபாட்டை வைக்கிறார். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குகிறவனே சினத்தை அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். எளியவர்மேல் சினம் பாயும், வலியவர்மேல் பாயாது. அப்படியானால் அடக்கம் என்ற அறம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? கையில் அதிகாரம் உள்ளவரைப் பார்த்து. கணவனையும், மாமியாரையும், முதலாளியையும், அதிகாரியையும், ஆசிரியரையும் பார்த்து. அடி வாங்குகிறவள் திருப்பி அடிக்கவில்லை என்பதை வள்ளுவர் இங்கே அறமாகக் கணக்கில் எழுதவில்லை. அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடுத்த குறளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பலிக்காத இடத்தில் கொள்ளும் சினமும் தீதுதான், பலிக்கும் இடத்திலோ அதைவிடத் தீயது இல்லை என்கிறது அது. எளியவரின் சினம் அவரையே திருப்பிச் சுடும் என்பது முதல் பாதியின் பொருள். இதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் 'உனக்கு ஆபத்து' என்று எச்சரிப்பதும் 'நீ பொறுத்தது அறம்' என்று பாராட்டுவதும் ஒன்றல்ல. முன்னது அக்கறை. பின்னது அடிக்கிறவருக்குச் செய்யும் உதவி. நாம் பெண் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்தது பின்னதை.

தமிழில் கொல்லாமைக்காக மிக நீண்ட வாதத்தை நடத்தியவள் ஒரு பெண் பாத்திரம். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல். எழுதியவர் பெயர் தெரியாது. குண்டலகேசியும் முழுதாகக் கிடைக்கவில்லை. நீலகேசியின் கதை காளி கோயில் பலியில் தொடங்குகிறது. பலிக்கு உயிர்களைக் கொண்டுவந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் சொல்கிறார். பலி இழந்த காளி, முனிவரை விரட்டப் பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி பேயுருக் காட்டி அச்சுறுத்துகிறாள், அழகிய பெண்ணாக வந்து மயக்கப் பார்க்கிறாள். இரண்டும் பலிக்காமல் போகவே முனிவரிடம் அறம் கேட்டுக் கொல்லாமையை ஏற்கிறாள். பிறகு ஊர் ஊராகச் சென்று குண்டலகேசி, மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என எல்லோரோடும் வாதிடுகிறாள்.

ஒரு பெண் சபையில் நின்று தத்துவம் பேசுவதைக் கொண்டாடலாம், கொண்டாடியும் இருக்கிறோம். ஆனால் காப்பியத்துக்கு வருமுன் நீலி யார் என்று கேட்க வேண்டும். நாட்டார் கதையில் அவள் கணவனால் கொல்லப்பட்டவள். பல வடிவங்களில் வழங்கும் அந்தக் கதையில், அடுத்த பிறவியிலும் பேயாகத் தொடர்ந்து வந்து பழி தீர்க்கிறாள். அவளுடைய பேய்த்தன்மைக்குக் காரணம் இருக்கிறது, ஒரு கொலை இருக்கிறது. சமணக் காப்பியம் பேயை எடுத்துக்கொண்டது, கொலையை விட்டுவிட்டது. காப்பியத்து நீலிக்குச் சினம் இருக்கிறது, சினத்துக்குக் காரணமாக எஞ்சியிருப்பது பலி மறுக்கப்பட்டது மட்டுமே. அவள் கைவிட வேண்டிய வன்முறை விரிவாகப் பேசப்படுகிறது. அவள்மீது நடந்த வன்முறை பேசப்படுவதில்லை. பெண் அகிம்சைக்கு வந்து சேர அவளுடைய வழக்கை மறக்க வேண்டியிருக்கிறது. பொறையுடைமைக்கு நான் போட்ட மதிப்பெண்ணும் இதே வேலையைத்தான் செய்தது.

ஆனாலும் நீலகேசியை என்னால் கீழே வைக்க முடியவில்லை. அவளுடைய வாதங்களில் ஒன்று நமக்கு வேண்டும். தாமே கொல்லாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தத் தரப்பை அவள் விடாமல் துரத்துகிறாள். வாங்குபவர் இருப்பதால்தான் கொல்பவர் இருக்கிறார், எனவே கத்தியைத் தொடாதவருக்கும் கொலையில் பங்குண்டு என்பது அவள் வாதத்தின் சாரம். குறளின் புலால் மறுத்தலும் இதே காரணத்தைச் சொல்கிறது. இந்த வாதத்தை உணவோடு நிறுத்திக்கொள்ளும்போது அது யார் என்ன சாப்பிடலாம் என்று அதிகாரம் செய்யும் கருவியாகிவிடுகிறது. மாட்டிறைச்சி உண்பவரைத் தாழ்த்தவும் அது பயன்பட்டிருக்கிறது. உணவைத் தாண்டி எடுத்துச் சென்றால் அதுவே அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் கருவி. அடிக்கிறவர் ஒருவர்தான். அடி விழும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிற பக்கத்து வீடு எத்தனை?

இந்தக் கேள்வியோடு தீர்த்தமலையிலிருந்து இறங்கி, அதே அரூர்ப் பகுதியில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குப் போக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்கள் ஏரிப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர், அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வீடுகள் நொறுக்கப்பட்டன. குடிக்கும் கிணறுகள் பாழாக்கப்பட்டன. பிடித்துவைக்கப்பட்ட இடத்தில் தங்கள் ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி பெண்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்திகளில் ஒன்று. தன்மீது நடக்கும் வன்முறையோடு, தன் கையாலேயே இன்னொருவருக்கு வன்முறை செய்ய வைப்பதும் சேர்ந்துகொண்டது. அகிம்சையைப் பேசும் நூல்கள் இந்த நிலையைக் கற்பனை செய்து பார்த்ததில்லை.

அடுத்து அந்தப் பெண்கள் செய்ததைத்தான் நான் அகிம்சை என்று வாசிக்கிறேன். அவர்கள் பேசினார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்திடமும் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்களிடமும் சொன்னார்கள். தேசியத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்தபோது சொன்னார்கள். அவருடைய அறிக்கை அவர்கள் சொல்லை உறுதிசெய்தது. 1995இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கு போனபோது மறுபடி சொன்னார்கள். பிறகு தருமபுரி நீதிமன்றக் கூண்டில் சொன்னார்கள். பெண் வெளியே சொல்லக்கூடாது என்று ஊரும் குடும்பமும் கற்பித்திருந்த ஒன்றை, அந்நியர்கள் முன், குறுக்கு விசாரணைக்கு நடுவில் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

இறுதியாகச் சொன்ன அந்த உத்தரவில் எனக்கு நீலகேசியின் வாதம் கேட்கிறது. கத்தியைத் தொடாதவருக்கும் பங்குண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் பங்குண்டு. காப்பியத்து நீலகேசி தன் வழக்கை மறந்தபின்தான் இந்த அறத்தைப் பேச முடிந்தது. வாச்சாத்திப் பெண்கள் தங்கள் வழக்கை மறக்காமலே இதை ஒரு தீர்ப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் பொறுத்துப்போகவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. பொறுமைக்கும் பழிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பாதை உண்டு. அதன் பெயர் சாட்சி. பொறுத்துப்போவது நடந்ததை மூடி வைக்கிறது. சாட்சி நடந்ததை நடந்ததென்று நிலைநிறுத்துகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு பிழையையும் தவிர்க்க வேண்டும். 31 ஆண்டுகள் காத்திருந்ததை அவர்களின் பெருமையாகப் பாடுவது மறுபடியும் பொறுமையைப் பாடுவதாகும். அந்த ஆண்டுகள் அவர்கள் ஏற்ற விரதம் அல்ல, அவர்கள்மீது சுமத்தப்பட்ட தாமதம். தீர்ப்பைக் காணாமலே அந்தப் பெண்களில் சிலர் இறந்துபோனார்கள். இழப்பீட்டைத் தீர்த்தமாக எண்ணுவதும் அதே பிழை. பணம் தர வேண்டியது கடமை, அதனால் ஏதும் கழுவப்பட்டுவிடுவதில்லை.

அகிம்சை என்றதும் நம் நினைவுக்கு வரும் காந்தியிடமும் இந்தக் குழப்பம் உண்டு. அகிம்சையைத் தன் மனைவியிடமிருந்து கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார். தன் விருப்பத்துக்கு வளைக்க முயன்றபோது கஸ்தூர்பா ஒருபுறம் எதிர்த்ததும், மறுபுறம் அமைதியாகத் துன்பத்தை ஏற்றதும் தனக்குப் பாடமானதாக அவர் விளக்கம். இந்த இரண்டில் துன்பம் ஏற்றதைத்தான் பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எதிர்த்ததை விட்டுவிட்டார்கள். வரலாறு எதிர்ப்பின் பக்கம் நிற்கிறது. 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தபோது, தமிழ்ப் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்தார்கள். தங்கள் மதச் சடங்கில் நடந்த மணத்தின் மதிப்பு அவர்களுக்கு நம்பிக்கை சார்ந்தது, உரிமையும் சார்ந்தது. டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து கிளம்பிய பெண்கள் எல்லை தாண்டி நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்துக்கு இணங்கவைத்தார்கள். சிறை சென்ற பெண்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 16. பாடப்புத்தகத்தில் அவள் தியாகி. அவளும் மற்றப் பெண்களும் கைக்கொண்ட அரசியலைப் பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அன்றாடத்தில் அகிம்சையை எப்படிக் கைக்கொள்வது என்று கேட்கும் மாணவிகளுக்கு, இந்த வாசிப்பிலிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு. முதலாவது, உங்கள் சினம் எங்கே பலிக்கும் என்று பாருங்கள், அங்கே அதை அடக்குங்கள். இது பெண்களாகிய நமக்கும் பொருந்தும். கணவன்மேல் காட்ட முடியாத கோபத்தைப் பிள்ளையின் முதுகில் காட்டுகிறோம். மருமகளின் சோற்றில் காட்டுகிறோம். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்துக் காட்டுகிறோம். வகுப்பறையில் கடைசி வரிசைப் பெண்ணிடம் நான் காட்டியிருக்கிறேன். அடிபடுகிறவர்கள் என்பதால் நாம் அடிக்காதவர்கள் ஆகிவிடுவதில்லை. இரண்டாவது, உங்கள்மீது சினம் பலிக்கிற இடத்தில் பொறுமையை அறம் என்று நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் விலகுங்கள், விலக முடியாவிட்டால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொல்வதைக் கேட்கிறவராக இருக்கும் வாய்ப்பு வந்தால் ஒலியைக் கூட்டாமல் கதவைத் தட்டுங்கள்.

நம்பிக்கையை இதற்கு எதிரியாக நான் நினைக்கவில்லை. படியேறிப் போய்த் தலையை நனைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தக் குளிர்ச்சி உண்மையானது. வீட்டில் கிடைக்காத பத்து நிமிடத் தனிமை அவளுக்கு அங்கே கிடைக்கிறது. அவள் பாட்டிலில் பிடித்துப்போகும் நீரை அடித்தவருக்குப் பாவம் தீர என்று தெளிக்காமல், அடிபட்டவளின் தாகத்துக்குக் கொடுத்தால் போதும்.

அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தவர்களிடம் ஒப்படைத்தபின் மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. மறு பருவத்தில் அவளை அழைத்துப் பேசினேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பொறையுடைமையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் வெகுநேரம் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்வியை வினாத்தாளில் நான் கேட்பதில்லை. வெகுளாமையின் முதல் இரண்டு குறள்களைக் கொடுத்து, உங்கள் சினம் யார்மேல் பலிக்கும் என்று எழுதச் சொல்கிறேன்.